விற்கச் சொன்ன தாளும் விற்கக் கூடாத தாளும்

நகைக்கடன் கவுண்டரில் கூட்டம் வடிந்த ஒரு பிற்பகல். திருப்போரூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்திருந்த ஆயா ஒருவர், ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு தாளை உருவி என் பக்கம் தள்ளினார்.

"இத்த வெச்சிகினு எதுனா துட்டு குடுப்பீங்களா தம்பி? பேத்தி நர்சிங் சேரணும்ங்குது."

மடித்த இடமெல்லாம் நைந்துபோன பட்டா நகல். அவருடைய மாமனார் பேரில் இருக்கிறது. நிபந்தனைப் பட்டா. நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கவோ, மாற்றவோ கூடாது என்ற வகை. நான் கிளார்க். கடன் கொடுப்பதும் மறுப்பதும் என் கையில் இல்லை. ஆனாலும் மேலாளர் அறைக்குள் போய் வந்தால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். வக்கீல் கருத்துரைக்குப் போகும், 'ஈடாக ஏற்க இயலாது' என்று திரும்பி வரும். அதைத்தான் சொன்னேன்.

"அப்ப இது இன்னாத்துக்குத்தான் ஆவும்? ஊறுகா போட்டு நக்கறதுக்கா?"

படிப்புக் கடனுக்கு 4 லட்சம் வரை எந்த ஈடும் கேட்கக் கூடாது, அந்தத் தாளை உள்ளே வையுங்கள் ஆயா, பேத்தியை சேர்க்கைக் கடிதத்தோடு வரச் சொல்லுங்கள் என்று விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே தாளைப் பத்திரப்படுத்தியவர், போகும்போது ஒன்று சொன்னார். ஒரு புரோக்கர் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டானாம். 'இந்த நிபந்தனைய மட்டும் கவர்மெண்ட்டு எடுத்துட்டா நீ கோடீஸ்வரி ஆயா' என்றானாம்.

புரோக்கர் சொன்னால் போகட்டும். அதே வார்த்தையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் வாசகர் கூட்டத்தில் சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார். முதலி நிலத்தை முதலி யாருக்கு வேண்டுமானாலும் விற்கிறான். நாயக்கர் நிலத்தை எந்த வங்கியிலும் வைக்கிறான். "நம்ம நிலத்துக்கு மட்டும் இன்னாத்துக்குத் தோழர் மூக்கணாங்கயிறு? நமக்கு விக்கத் தெரியாதா? எப்ப விக்கணும்னு நமக்கு இன்னொருத்தன் சொல்லணுமா?" கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் சென்ட் என்ன விலை போகிறது என்பதையும் சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். நானும் உடனே பதில் சொல்ல முடியாமல்தான் உட்கார்ந்திருந்தேன். கேள்வியில் மானம் இருக்கிறது. நம்மைச் சிறுபிள்ளையாக நடத்தாதே என்கிற கோபம் இருக்கிறது. அதை மேல்சாதிக் கருணைப் பேச்சால் வாயடைக்க முடியாது. இந்த இதழின் தலையங்கம் அந்தத் தோழருக்கான பதில். கொஞ்சம் சுற்றி, ரஷ்யா வரைக்கும் போய்த்தான் வர வேண்டியிருக்கிறது.

நம்மில் பலருடைய அப்பாக்கள், சித்தப்பாக்கள் வீட்டில் ஒரு காலத்தில் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் கெட்டி அட்டைப் புத்தகங்கள் இருந்தன. நியூ செஞ்சுரி வேனில் ஐந்துக்கும் பத்துக்கும் வாங்கியவை. 1991 டிசம்பரில் அந்த நாடே இல்லாமல் போனது. அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்பதை நம் இடதுசாரித் தோழர்கள் துக்க வீட்டில் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். மற்றவர்கள் பேசவே இல்லை. நாம்தான் அதைக் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். ஏனென்றால் ஒரு நாட்டின் மொத்தப் பொதுச்சொத்தையும் மக்களுக்குத் தாளாகப் பங்கு போட்டுக் கொடுத்த கதை அது.

1992 ஜனவரி 2 அன்று விலைகளை அவிழ்த்துவிட்டார்கள். அந்த ஒரே வருடத்தில் விலைவாசி இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஏறியது. ஆயுள் முழுக்கச் சேர்த்துச் சேமிப்பு வங்கியில் போட்டிருந்த பணம் சில மாதங்களில் ஒன்றுமில்லாமல் ஆனது. பாஸ்புக்கை வரி போட்டுக் கொடுக்கிறவன் என்பதால் எனக்கு இந்த இடம் வந்தால் வயிற்றைப் பிசைகிறது. கணக்கில் எண் அப்படியே இருக்கும். அந்த எண்ணுக்கு ரொட்டி கிடைக்காது. மக்கள் இப்படிக் கைவிரித்து நின்ற நேரத்தில்தான், அந்த வருடம் அக்டோபர் 1 முதல், ஆளுக்கொரு வவுச்சர் கொடுக்கத் தொடங்கினார்கள். கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒன்று. முகமதிப்பு பத்தாயிரம் ரூபிள். அரசு ஆலைகள் ஏலத்துக்கு வரும்போது இதைக் கொடுத்துப் பங்கு வாங்கிக்கொள்ளலாம், அல்லது இன்னொருவருக்கு விற்றுவிடலாம். நிபந்தனை ஏதும் இல்லை. இத்திட்டத்தின் தலைவர் அனத்தோலி சுபைஸ், ஒரு வவுச்சர் ஒருநாள் இரண்டு வோல்கா கார் விலை பெறும் என்றார்.

கேட்பதற்கு எவ்வளவு சமத்துவமாக இருக்கிறது! அமைச்சருக்கும் ஒன்று, அள்ளுகிறவனுக்கும் ஒன்று. அம்பானிக்கு ஒன்று, ஆயாவுக்கு ஒன்று என்பதுபோல.

ஆனால் தாள் சமமாக இருந்தது. தாளைப் பிடித்திருந்த கைகள் சமமாக இல்லை. சம்பளம் வராத தொழிலாளி, பென்ஷன் கரைந்த கிழவி, நாளைக்குச் சோறு வேண்டியவர்கள் அதை மெட்ரோ வாசலில் நின்று கூவியவர்களிடம் விற்றார்கள். வோட்கா பாட்டிலுக்கு மாற்றினார்கள் என்று அந்த நாட்டிலேயே கதை சொல்கிறார்கள். இன்னும் பலர் நூற்றுக்கணக்கில் முளைத்த முதலீட்டு நிதிகளிடம் தாளை ஒப்படைத்தார்கள். நிதிகளில் பல ஆள் அட்ரஸ் இல்லாமல் போயின. ஆலைத் தொழிலாளர்களுக்குப் பங்கு கிடைத்த இடத்தில் ஆலை டைரக்டர்களே அதை மெல்ல மெல்லத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். 1994 ஜூலையோடு வவுச்சர் செல்லாது. இரண்டு வருடம்கூட இல்லை, தோழர்களே. ஒரு கண்டத்தின் பொதுச்சொத்துக்குக் கொடுத்த சீட்டு இரண்டு வருடத்தில் கசங்கிப் போனது.

மிச்சமிருந்த பெரிய மீன்களுக்கு வவுச்சரும் தேவைப்படவில்லை. 1995 கடைசியில் அரசு தனியார் வங்கிகளிடம் கடன் வாங்கியது. ஈடாக எண்ணெய், நிக்கல் நிறுவனங்களின் பங்குகளை வைத்தது. அரசு கடனைத் திருப்பப் போவதில்லை என்று இரண்டு பக்கமும் தெரியும். நோரில்ஸ்க் நிக்கலின் 38 சதவீதப் பங்கு ஏறத்தாழ 17 கோடி டாலருக்குப் போனது. ஏலத்தை நடத்திய வங்கியும் ஏலத்தில் ஜெயித்த தரப்பும் ஒரே ஆளின் கையில். நகை ஏலத்தில் அப்ரைசரே பினாமி பேரில் ஏலம் எடுத்தால் எங்கள் கிளையில் அன்றைக்கே சஸ்பெண்ட் ஆர்டர் வரும். அங்கே அதற்குப் பெயர் சீர்திருத்தம். அந்த நோரில்ஸ்க் நகரத்தைப் பனியில் கட்டியவர்கள் ஸ்டாலின் காலத்துக் கைதிகள். அதைக் கட்டியவன் கையில் எந்தக் காலத்திலும் ஒரு தாளும் இல்லை. 1990க்கும் 1994க்கும் இடையில் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 64ஐ ஒட்டிய இடத்திலிருந்து 58க்குக் கீழே இறங்கியது. போர் ஏதும் நடக்காமலே ஆறு வருடம் குறைந்த ஆயுள்.

இதைச் சொல்வதால் பழைய சோவியத்துக்கு ஒப்பாரி வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அங்கே 'பொது' என்று பேர் எழுதியிருந்ததெல்லாம் கட்சி அதிகாரிகளின் கையில் இருந்தது. 'பொது' என்ற சொல்லைக் கேட்டதும் உருகுவதற்கு நாம் என்ன முட்டாள்களா? ஊர்ப் பொதுக் கிணறு, ஊர்ப் பொதுக் குளம், ஊர்ப் பொதுச் சுடுகாடு என்று பேசுகிற இந்த நாட்டில் அந்தப் பொதுவுக்குள் சேரி எந்தக் காலத்தில் இருந்தது? மகாடு நகராட்சி தன் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்ட பிறகும், அண்ணல் 1927 மார்ச்சில் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் ஒரு கை தண்ணீர் அள்ள வேண்டியிருந்தது. குடித்ததற்கு அடியும் வாங்க வேண்டியிருந்தது. ஆகவே ஒரு சொத்து பொதுவாக இருக்கிறதா தனியாக இருக்கிறதா என்பது நமக்குப் பாதிக் கேள்விதான். பங்கு போடுவதற்கு முந்தின நாள் யார் எங்கே நின்றான் என்பது மீதிப் பாதி.

இதற்கு ருமேனியாவைப் பாருங்கள். 1991இல் 18ஆம் எண் சட்டம் போட்டுக் கூட்டுப்பண்ணை நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். யாருக்கு? கூட்டுப்பண்ணை வருவதற்கு முன்னால் யார் வைத்திருந்தார்களோ அவர்களுக்கு. ரோமா மக்கள் அந்தப் பண்ணைகளில் பல பத்தாண்டுகள் கூலிக்கு உழைத்தவர்கள். முன்னால் அவர்களுக்கு நிலம் இருந்ததில்லை. ஆகவே பெரும்பாலோருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்த கூலி வேலையும் பண்ணையோடு போனது. செக், ஸ்லோவாக், ஹங்கேரி நாடுகளிலும் அரசு ஆலைகள் ஆட்குறைப்பு செய்தபோது முதலில் வெளியே வந்தவர்கள் அவர்கள். அவர்கள் மொழியின் வேர் நம் நாட்டில் இருக்கிறது என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். கதையின் வேரும் இங்கேதான் என்று எனக்குத் தோன்றும். 1999 அக்டோபரில் செக் நாட்டின் ஊஸ்தி நகரில் ரோமாக்கள் வாழும் வீடுகளைத் தெருவிலிருந்து பிரித்து ஒரு சுவர் எழுப்பினார்கள். உலகமே கத்தியதால் ஆறு வாரத்தில் இடித்தார்கள். நம் உத்தப்புரத்துச் சுவர் ஏறத்தாழ இருபது வருடம் நின்று, 2008 மே மாதம்தான் அதில் ஒரு வழி திறந்தது.

சரி, செங்கல்பட்டுக்கு வருவோம்.

இந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். இன்றைக்கும் படிக்க வேண்டிய அறிக்கை. அவர் கண்டது என்ன? இந்த வட்டாரத்தில் மிராசுதாரர்களுக்கு நிலத்தின் மேல் மட்டுமல்ல, சேரிக் குடிசை நிற்கிற மனையின் மேலும் பிடி இருந்தது. கூலி அதிகம் கேட்டால் குடிசையைப் பிய்த்துக்கொண்டு போ என்பான். தரிசு நிலத்துக்கு நம் ஆள் தர்காஸ்து போட்டால், முதல் உரிமை எனக்குத்தான் என்று மிராசுதாரன் வந்து நிற்பான். தானும் உழ மாட்டான். அடுத்தவனையும் உழ விட மாட்டான். நிலம் கிடைத்துவிட்டால் பண்ணைக்கு ஆள் வராது என்பதுதான் அதன் சூட்சுமம். வருவாய் வாரியத்தின் எதிர்ப்பையும் தாண்டி 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்று நாம் மேடையில் சொல்வது இந்த ஆணையின் வழியாக வந்த பஞ்சமி நிலத்தைத்தான். அதோடு சேர்ந்து வருவாய் நிலையாணைகளில் ஏறியதுதான் மூக்கணாங்கயிறு: முதல் பத்து வருடம் யாருக்குமே விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே, மீறினால் விற்பனை செல்லாது, அரசு நிலத்தை இழப்பீடு இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

கயிறு கட்டியும் மாடு போய்விட்டது. எப்படிப் போனது என்று நம் தாத்தாக்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்குப் போகியம். சாவுக்கு வாங்கிய கடனுக்கு வெத்துத்தாளில் கைநாட்டு. ஏர் இல்லை, மாடு இல்லை, கிணறு இல்லை. நிலத்தை வைத்து நாக்கு வழிக்கவா என்று பக்கத்து நிலத்துக்காரனிடமே ஒப்படைத்துவிட்டு, அதே நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள் எத்தனை பேர். கர்ணம், மணியக்காரர் கணக்கில் பெயர் மாறியது. அந்தப் பதவிகள் போன பிறகு, 1979இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், பழைய 'அ' பதிவேட்டில் இருந்த டி.சி. என்ற இரண்டு எழுத்தே பல ஊர்களில் புதிய பதிவேட்டுக்கு வராமல் போனது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ஒரு குறிப்பைப் பெயர்த்து எழுதாமல் விட்டால் போதும். நானும் லெட்ஜர் எழுதுகிற சாதிதான். ஒரு காலத்தை நிரப்பாமல் விடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

ஆக அங்கே நிபந்தனை இல்லாத தாளும் போனது. இங்கே நிபந்தனை உள்ள தாளும் போனது. அப்புறம் என்ன வித்தியாசம் என்று தோழர் கேட்பார். கேட்க வேண்டும்.

வித்தியாசம் 1994இல் இருக்கிறது. ரஷ்யாவில் வவுச்சர் செல்லாமல் போன அதே வருடம், அதே ஜூலைக்கு மூன்று மாதம் கழித்து. செங்கல்பட்டு மாவட்டத்துக் கரணை மக்கள் 102 வருடத்துக்கு முந்தின ஓர் ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டு, இது எங்கள் பஞ்சமி நிலம், மீட்டுக்கொடு என்று நின்றார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். போலீஸ் அதை அகற்றியது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்ட நம் மக்கள் மேல் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்தார்கள். நான் அப்போது அம்மா இடுப்பில். அந்த ஊர்வலத்துக்குப் போய் லத்தி அடி வாங்கி வந்த எங்க பெரியப்பா, மழை வந்தால் தோள்பட்டையைத் தடவிக்கொண்டு அதைச் சொல்லுவார். வவுச்சரை விற்ற ரஷ்யத் தொழிலாளி எந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்பான்? என்ன சட்டத்தைக் காட்டுவான்? நீயாக விற்றாய், கையெழுத்து உன்னுடையது, போ என்பார்கள். அவனுக்குப் போனது போனதுதான். நமக்கு அப்படி இல்லை. எத்தனை கை மாறியிருந்தாலும், எத்தனை பத்திரம் பதிந்திருந்தாலும், மேலே என்ன ரிசார்ட் எழுந்திருந்தாலும், அந்த விற்பனை செல்லாது என்று சொல்வதற்கு ஒரு வரி இருக்கிறது. புரோக்கர் ஆயா வீட்டுக்கு ரெண்டு தடவை வந்தது அந்த வரிக்குப் பயந்துதான். ஆயா மேல் பாசத்தால் அல்ல.

இந்தக் கரையோரத்தில் அந்த வரி ஏன் திடீரென்று எல்லோருக்கும் உறுத்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2002இல் கிழக்குக் கடற்கரைச் சாலை விரிவாகிச் சுங்கம் வசூலிக்கத் தொடங்கியது. அரசும் ஒரு தனியார் நிதி நிறுவனமும் கூட்டாகப் போட்ட கம்பெனியின் கையில் சாலை. அதற்குப் பிறகு கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டி, வேர்க்கடலையும் சவுக்கும் போட்ட மணல் காடு மனைப்பிரிவானது. அதுவரை தரிசு, உவர், ஒன்றுக்கும் உதவாது என்று நம்மிடம் தள்ளிவிடப்பட்ட நிலம் அது. உதவாத வரைக்கும் நிபந்தனை யாருக்கும் தெரியவில்லை. கடல் காற்றுக்கு விலை வந்த அன்றைக்கு, அய்யோ பாவம் தலித்துகளுக்கு விற்கும் சுதந்திரம் இல்லையே என்று அழுகிறார்கள்.

இன்னொரு பங்கு இருக்கிறது. அதற்குத் தாளே கிடையாது. அதனால் அது விற்கப்படும்போது சத்தமும் கேட்பதில்லை.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அதற்கு முன் அவை சில குடும்பங்களின், சில சமூகங்களின் வங்கிகள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் சேரியிலிருந்து ஓர் ஆள் உட்காருவது என்பது நினைத்துப் பார்க்க முடியாதது. நாட்டுடைமையோடு இடஒதுக்கீடு வந்தது. ஆயா நீட்டிய தாளை வாங்கி, அது என்ன தாள் என்று உடனே கண்டுகொண்டு, 'உள்ளே வையுங்கள்' என்று சொல்ல நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்றால் அது அந்த வழியாக வந்ததுதான். நம் பங்கு பொதுத்துறையின் லாபத்தில் இல்லை. அதன் ரோஸ்டர் பதிவேட்டில் இருக்கிறது. 2000 ஜனவரியில் மாடர்ன் ஃபுட்ஸின் 74 சதவீதத்தை இந்துஸ்தான் லீவருக்கு விற்றார்கள். 2001இல் பால்கோவின் 51 சதவீதம் ஸ்டெர்லைட்டுக்கு 551 கோடி ரூபாய்க்குப் போனது. விற்றால் அரசியல் சட்டம் 14, 16 பிரிவுகளின் காப்பு எங்களுக்கு இல்லாமல் போகும் என்று பால்கோ தொழிலாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அந்தக் காரணத்துக்காக விற்பனையைத் தடுக்க முடியாது என்று 2001 டிசம்பரில் தீர்ப்பு. விலைபேசும் மேசையில் இயந்திரத்துக்கு மதிப்புப் போட்டார்கள், நிலத்துக்குப் போட்டார்கள். ரோஸ்டருக்கு யாரும் மதிப்புப் போடவில்லை. ஏனென்றால் அது எங்கேயும் சொத்தாக எழுதப்படவில்லை.

2021 பட்ஜெட்டில் இரண்டு பொதுத்துறை வங்கிகளைத் தனியாருக்குக் கொடுப்பதாக அறிவித்தபோது மார்ச்சில் இரண்டு நாள், டிசம்பரில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தோம். நானும் கோஷம் போட்டேன். மக்கள் பணம், வைப்புத்தொகைப் பாதுகாப்பு, கிராமக் கிளை எல்லாம் நோட்டீசில் இருந்தது. இடஒதுக்கீடு ஒரு வரி இல்லை. ஏன் தோழர் என்று கேட்டதற்கு, 'அத எழுதுனா யூனிட்டி ஒடையும்' என்றார் ஒரு மூத்த சங்கத்துக்காரர். நல்ல மனுசர்தான். ஆனால் அந்த ஒற்றுமை எங்கள் வாயை மூடி வாங்கிய ஒற்றுமை. விற்காமலே பொதுத்துறைக்குள் நம் இடம் சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. பெருக்குகிறவர், காவலுக்கு நிற்கிறவர் எல்லாம் ஒப்பந்த ஆட்களாகிப் போன கிளைகளில் ரோஸ்டர் எதைப் பிடித்து நிற்கும்?

செங்கல்பட்டிலேயே ஒன்று காட்டுகிறேன். தொழுநோய் மையம் இருக்கிற திருமணியில் ஒரு தடுப்பூசி வளாகம். பொதுத்துறையான எச்.எல்.எல். நிறுவனத்தின் துணை நிறுவனம், 100 ஏக்கர், 2012இல் 594 கோடிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல். அதற்கு முன் 2008இல் குன்னூர் பாஸ்டர், கிண்டி பி.சி.ஜி., கசௌலி என்று மூன்று அரசு ஆய்வகங்களின் தடுப்பூசி உரிமத்தை நிறுத்தி வைத்து, 2010இல் திருப்பிக் கொடுத்த கதை இருக்கிறது. அந்தக் காயத்துக்கு மருந்தாகத்தான் திருமணி வந்தது என்றார்கள். கட்டடம் எழுந்தது, மருந்து வரவில்லை. கொரோனாவில் ஊரே தடுப்பூசிக்கு வரிசையில் நின்றபோது அந்த வளாகம் சும்மா கிடந்தது. 2021 ஜனவரியில் தனியாருக்கு எடுத்து நடத்தக் கொடுக்கிறோம் என்று கேட்டுப் பார்த்தார்கள், கொள்வாரில்லை. மே 25 அன்று முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்து, மாநிலத்துக்குக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று கேட்டார். திருமணியைச் சுற்றியிருக்கிற காலனிகளில் லேப் டெக்னீசியன் படித்துவிட்டு மொபைல் கடையில் நிற்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. வர வேண்டியது வராமல் போனது. அதற்கு ஒரு புகார் மனுகூட எழுத முடியாது. கையில் தாள் இல்லையே.

அண்ணலுக்கு இது தெரிந்திருந்தது. 1947இல் அவர் எழுதிக் கொடுத்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையை எடுத்துப் பாருங்கள். முக்கியத் தொழில்கள் அரசின் கையில், காப்பீடு அரசின் ஏகபோகம், விளைநிலம் அரசுடைமையாகிக் கூட்டாகப் பயிரிடுபவர்களுக்குக் குத்தகை, நிலவுடைமையாளன் என்று ஒருவனே இருக்கக் கூடாது. இதுவரை நம் இடதுசாரிகளும் சொல்வார்கள். அவர் அதற்கு மேலும் ஒன்று சொன்னார். இதைச் சாதாரணச் சட்டமாகப் போடாதே. இன்றைய பெரும்பான்மை போட்டதை நாளைய பெரும்பான்மை எடுத்துவிடும். அரசியல் சட்டத்திலேயே எழுதிப் பூட்டு. அதாவது மூக்கணாங்கயிறு. தலித்துக்கு அல்ல, பாராளுமன்றத்துக்கு. அந்தப் பூட்டைப் போட விடவில்லை. அதனால்தான் 1969இல் ஓர் அவசரச் சட்டத்தால் வந்தது இன்னொரு மசோதாவால் போகும் நிலையில் இருக்கிறது.

தோழரின் கேள்விக்கு இப்போது நேராக வருகிறேன். நிபந்தனையால் நமக்கு நட்டம் உண்டு, மறைக்க மாட்டேன். வெளிச்சந்தையில் கிடைக்கிற விலை நமக்குக் கிடைக்காது. வங்கி வாசலில் திருப்பி அனுப்புகிறார்கள். அனுப்புகிற வேலையை நானே செய்கிறேன். தாத்தா பேரில் கிடக்கிற பட்டாவில் ஆயாவின் பெயர், அத்தைகளின் பெயர், பேத்தியின் பெயர் ஏறவே இல்லை என்பது இன்னொரு அநியாயம். அதை நம் வீட்டு ஆண்கள்தான் முதலில் சரி பண்ண வேண்டும். ஆனால் இதற்கெல்லாம் மருந்து கயிற்றை அறுப்பது இல்லை. அறுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க ரஷ்யா ஒன்று போதும். விற்கும் சுதந்திரம் என்பது அவசரம் இல்லாதவனுக்கு மட்டும்தான் சுதந்திரம். பேத்தியின் ஃபீஸ் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில் ஆயாவுக்கு அது சுதந்திரம் இல்லை, புரோக்கருக்குத்தான்.

நாம் கேட்க வேண்டியது வேறு. நிபந்தனைப் பட்டாவை ஈடாக ஏற்று அரசு வங்கியும் தாட்கோவும் கடன் கொடுக்க வேண்டும். கடன் திரும்பவில்லை என்றால் ஏலம் நம் மக்களுக்குள்ளேயே நடக்கட்டும், அல்லது தாட்கோ வாங்கிக்கொள்ளட்டும். நிலம் வெளியே போகக் கூடாது. இதைத் தனியார் வங்கியிடம் கேட்டால் சிரிப்பான். கேட்பதற்கு ஓர் அரசு வங்கி இருக்கும்போதே கேட்டாக வேண்டும். நில மீட்பையும் வங்கித் தனியார்மய எதிர்ப்பையும் நாம் ஒரே நோட்டீசில் போட வேண்டியிருப்பது இதனால்தான். சங்கத்துக்காரர்களுக்கு அது பிடிக்காது. பரவாயில்லை.

கூட்டத்தில் கேள்வி கேட்ட தோழரிடம் இதையெல்லாம் டீக்கடையில் நின்று சொன்னேன். முழுக்க ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "அப்ப ஆயா நெலம் இப்ப யாரு பேர்ல கீதுன்னு பாத்தீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். நான் பார்க்கவில்லை. பட்டா நகலைப் பார்த்தேனே தவிர, பதிவேட்டைப் பார்க்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அவரே ஆயாவைக் கூட்டிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகம் போனார். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தின 'அ' பதிவேட்டின் நகல், பிந்தின பதிவேட்டின் நகல், இரண்டையும் கேட்டு 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பை ஆயாதான் ஒட்டினார். சர்வே எண் மட்டும் போதாது, பழைய எண்ணையும் எழுதுங்கள் என்று அங்கிருந்த ஒரு ஊழியரே ரகசியமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நம்ம ஆளாக இருக்கும்.

படிக்கிற தோழர்கள் அவரவர் ஊருக்கு இதே மனுவைப் போடுங்கள். இரண்டு நகலும் வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டி.சி. என்ற எழுத்து எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, எதில் இல்லை என்று மட்டும் பாருங்கள். பார்த்ததை இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். அக்டோபர் 10க்குச் செங்கல்பட்டு போகும்போது கையில் கொண்டுபோக வேண்டும். ஆயாவின் பேத்தி போன திங்கட்கிழமை சேர்க்கைக் கடிதத்தோடு கவுண்டருக்கு வந்தது. விண்ணப்பத்தில் 'ஈடு' என்ற காலத்தில் என்ன எழுதுவது என்று கேட்டது. இல்லை என்று எழுதச் சொன்னேன்.